மைதானத்துக்கும் ஒரு முறை

மாலை நாலரை மணி. பள்ளி விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் எங்கள் பகுதி கிரவுண்டில் நான்கு கூட்டம் சேர்ந்துவிட்டது. வடக்கு கோல்போஸ்ட் பக்கம் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பையன்கள். நடுவில் பெரிய பையன்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் இருப்பதால் யாருக்கும் இடம் விட அவர்களுக்கு மனமில்லை. தெற்கு மூலையில், குழாய் கசிந்து எப்போதும் சொதசொதவென்று கிடக்கும் இடத்தில், பெண்கள் அணி. நான்காவது கூட்டம் பொடிசுகள். அவர்களுக்கு இடமே கிடைக்கவில்லை. ஓரமாக நின்று பந்தைச் சுவரில் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று நான் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வடக்கு கோலுக்கு முன்னால் உட்கார்ந்து, முழுப் பலத்தோடு மண்ணில் அழுத்தினேன். இரண்டு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. எழுந்து நாற்பது தப்படி நடந்து, யாரும் ஆடாத வேலியோரம் போய் அதே திருப்புளியை அதே அழுத்தத்தில் குத்தினேன். பிடி வரைக்கும் இறங்கியது. பின்னாலேயே வந்து பார்த்துக்கொண்டிருந்த பொடியன் ஒருவன் கேட்டான்: "அங்க மட்டும் எப்படி சார் இறங்குது? ரெண்டும் ஒரே மண்ணுதானே?"

இந்த அத்தியாயம் முழுவதும் அவன் கேள்விக்கான பதில்தான். ஒரு மைதானத்தைப் பலர் பகிர்ந்துகொள்வது என்றால் இடத்தைப் பிரிப்பது, நேரத்தைப் பிரிப்பது என்று இரண்டைத்தான் நாம் நினைக்கிறோம். பகிர வேண்டிய மூன்றாவது ஒன்று இருக்கிறது. மண்ணுக்கும் புல்லுக்கும் தேவையான ஓய்வு. அதை எந்த அட்டவணையிலும் யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் பாதி மைதானங்கள் சாகின்றன.

நல்ல மண் என்று நாம் சொல்வதில் ஏறத்தாழ பாதிதான் மண். மறுபாதி வெற்றிடம். மணல் துகள்களுக்கும் களித் துகள்களுக்கும் நடுவே இருக்கும் சந்துபொந்துகள் அவை. அந்தப் பாதியில் நீரும் காற்றும் ஆளுக்குப் பாதியாகக் குடியிருந்தால் வேர்களுக்குச் சுகம். வேர் நீர் குடிப்பது எல்லோருக்கும் தெரியும். வேர் மூச்சும் விடுகிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். மண்ணை அழுத்தும்போது முதலில் நசுங்குவது பெரிய துளைகள். மழைநீர் கீழே இறங்குவதும் காற்று உள்ளே வருவதும் அந்தப் பெரிய துளைகள் வழியாகத்தான். அவை மூடிக்கொண்டால் மழை பெய்தால் குளம், வெயில் அடித்தால் பாறை. வேர் நுனியால் துளைத்துக்கொண்டு போக முடிகிற இறுக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 20 கிலோ எடைக்குச் சமமான எதிர்ப்பை மண் காட்டினால், பெரும்பாலான செடிகளின் வேர் அதற்குமேல் போகாது. என் திருப்புளி நின்ற இடத்தில் வேரும் நின்றுவிட்டிருந்தது.

சின்னப் பிள்ளைகள் ஓடுவதால் மண் இந்த அளவுக்கு இறுகுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 கிலோ எடையுள்ள பையன் சாதாரணச் செருப்போடு ஒற்றைக் காலில் நிற்கிறான். செருப்பின் அடிப்பரப்பு சுமார் 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டரின் மேல் 400 கிராம். இப்போது அவனுக்கு ஸ்டட் வைத்த பூட்ஸ் மாட்டுங்கள். அடியில் 12 குமிழ்கள், ஒவ்வொன்றின் முனையும் ஒரு சதுர சென்டிமீட்டர். அதே 40 கிலோவை இந்த 12 முனைகள் தாங்குகின்றன. சதுர சென்டிமீட்டருக்கு மூன்றே கால் கிலோவுக்கு மேல். ஓடும்போது பாதம் தரையில் மோதும் விசை உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு. அப்படியானால் ஏழிலிருந்து பத்து கிலோ. கார் டயருக்கு 30, 32 என்று காற்று அடிக்கிறோமே, அது சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோவைச் சற்றே தாண்டும் அழுத்தம். ஆறாம் வகுப்புப் பையனின் பூட்ஸ், தொடும் இடத்தில், காரைவிடப் பலமாக மண்ணை அழுத்துகிறது.

காரின் மொத்த எடை அதிகம் என்பதால் அதன் அழுத்தம் ஆழமாக இறங்கும். பையனின் அழுத்தம் மேலே உள்ள ஐந்து, எட்டு சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். ஆனால் புல்லின் வேர்களும் தண்டுகளும் நெருக்கிக்கொண்டு வாழ்வது அந்த மேலடுக்கில்தான். கோலுக்கு முன்னால், மைதானத்தின் நடுவில், பயிற்சியாளர் தினமும் கோன் அடுக்கும் அதே வரிசையில் என்று சில இடங்களில் மட்டும் ஆயிரக்கணக்கான காலடிகள் விழுகின்றன. மூலைகளில் புல் பச்சையாக இருக்கும். கோல் வாயில் கட்டாந்தரையாக இருக்கும். உலகத்தில் எந்தக் கால்பந்து மைதானத்தை மேலேயிருந்து பார்த்தாலும் இந்தத் தேய்மானத்தின் வடிவம் ஏறத்தாழ ஒன்றுதான்.

ஈரம் இதை இன்னும் மோசமாக்குகிறது. காய்ந்த மண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அழுத்தத்தை எதிர்க்கும். ஈரம் ஏறியதும் துகள்களுக்கு நடுவே நீர் எண்ணெய் மாதிரி வேலை செய்கிறது. மிதித்தால் வழுக்கிக்கொண்டு நெருங்கிவிடும். காய்ந்த மண்ணில் பல நாள் ஆடுவதால் வரும் கேட்டைவிட, களிமண் கலந்த ஈர மைதானத்தில் ஒரு மாலை ஆடுவதால் வரும் கேடு அதிகம்.

இறுகிய மண் புல்லுக்கு மட்டும் எதிரி இல்லை. ஆஸ்திரேலியப் பொறியாளர் பேடன் கிளெக் 1970களில் ஒரு எளிய கருவி செய்தார். சாலை போடும்போது மண் எவ்வளவு கெட்டித்திருக்கிறது என்று பார்ப்பதற்காக வந்த அந்தக் கிளெக் சுத்தியல், இன்று விளையாட்டு மைதானங்களையும் சோதிக்கிறது. ஒரு குழாய்க்குள் எடைக்கட்டியைத் தூக்கி விடுவார்கள். அது தரையில் மோதி எவ்வளவு சடாரென்று நிற்கிறது என்பதை, புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல எத்தனை மடங்கு என்று கருவி சொல்லும். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைக் கூட்டமைப்பான என்.எஃப்.எல்., 2.25 கிலோ கட்டியை 45 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போடும்போது 100 மடங்குக்கு மேல் காட்டும் தரையில் ஆடக் கூடாது என்று வைத்திருக்கிறது. தலைக்கவசம் போட்டு ஆடும் பெரியவர்களுக்கான வரம்பு இது. எங்கள் கோல் வாயிலில் பாய்ந்து பந்து பிடிக்கும் பதினோரு வயது கோல்கீப்பருக்குக் கையுறைகூடக் கிடையாது.

*

இனி புல்லைப் பார்ப்போம். வெப்ப நாட்டு மைதானங்களில் அதிகம் வளர்க்கப்படும் புல், ஆங்கிலத்தில் பெர்முடா என்று பேர் வாங்கியது, நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அருகு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற தாவர வல்லுநர் அருகம்புல்லையும் அதன் தென்னாப்பிரிக்க உறவுப் புல்லையும் கலந்து பல கலப்பினங்களை உருவாக்கினார். அவர் வெளியிட்ட கலப்பினங்களில் டிஃப்வே என்பது 1960இல் வெளிவந்தது. இன்றும் பல நாட்டு மைதானங்களில் அது இருக்கிறது. அது விதை வைக்காத மலட்டுப் புல். தண்டைக் கிள்ளி நட்டுத்தான் பரப்ப வேண்டும்.

அருகுக்கு இவ்வளவு மதிப்பு வரக் காரணம் அது பரவும் விதம். தரைக்கு மேலே ஒரு கொடி ஓடும். தரைக்குக் கீழே ஒரு தண்டு ஓடும். இரண்டிலும் கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும். மேலே உள்ள இலையெல்லாம் பூட்ஸில் பிய்ந்து போனாலும் கீழே இருக்கும் தண்டு புதுத் தளிர் விடும். கல்யாண வீட்டில் பெரியவர்கள் "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்தும்போது, தாவரவியலைச் சரியாகத்தான் சொல்கிறார்கள். கரும்பையும் சோளத்தையும் போலக் கடும் வெயிலில் வேகமாக மாவுச்சத்து தயாரிக்கும் இனம் அருகு. சூடு முப்பது டிகிரிக்கு மேல் போனால் அதற்குக் கொண்டாட்டம். நிழலும் கடுங்குளிரும்தான் ஆகாது.

இத்தனை வலிமை உள்ள புல்லும் ஒரு நிபந்தனை போடுகிறது. காயம் ஆற அதற்கு நாள் வேண்டும். தேய்ந்து வெளுத்த இடத்துக்குப் பக்கத்திலிருந்து கொடி ஓடிவந்து மூட, நல்ல வெயிலும் நீரும் இருந்தால் சில வாரங்கள் ஆகும். அந்தச் சில வாரங்களுக்குள் தினமும் அதே இடத்தில் மிதித்தால், ஓடிவரும் கொடியின் நுனி ஒவ்வொரு மாலையும் அறுபடும். புல் தோற்பது மிதிபடுவதால் மட்டும் இல்லை, இடைவெளி இல்லாமல் மிதிபடுவதால்.

*

கிழக்கு லண்டனில் லீ ஆற்றங்கரையில் ஹாக்னி மார்ஷஸ் என்று ஒரு பெரும் புல்வெளி இருக்கிறது. பொது மைதானம் என்றாலே கால்பந்து உலகம் முதலில் நினைப்பது அதைத்தான். ஒரு காலத்தில் நூறுக்கும் மேற்பட்ட ஆடுகளங்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து ஆட்டத்தின் பந்து நம் ஆட்டத்துக்குள் உருண்டு வருவது சாதாரணம். டேவிட் பெக்காம் சிறுவனாக ஆடிய இடங்களில் அதுவும் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் செங்கல்லும் சிதிலமும் கொட்டப்பட்டு, சதுப்பாக இருந்த நிலம் மேடானது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அது கால்பந்துக்கு வருமுன் என்னவாக இருந்தது என்பது. அது லாமஸ் நிலம். ஆகஸ்ட் முதல் தேதி வரும் அறுவடைத் திருநாளின் பெயர் லாமஸ். இளவேனில் தொடங்கி லாமஸ் வரை அந்த நிலத்தில் மாடு நுழையக் கூடாது. புல் வளர வேண்டும், வைக்கோலுக்கு அறுக்க வேண்டும். லாமஸுக்குப் பிறகு ஊர்க்காரர்கள் எல்லோரும் தங்கள் மாடுகளை மேய விடலாம். நிலம் சிலருடையது, மேய்ச்சல் உரிமை பலருடையது, ஓய்வு புல்லுடையது. நூற்றாண்டுகளாக இந்த ஏற்பாடு நடந்தது. பிறகு அதே புல்வெளியில் கால்பந்து ஆட இளைஞர்கள் வந்தார்கள். மேய்ச்சல் உரிமைக்காரர்களுக்கும் அவர்களுக்கும் தகராறு. கடைசியில் லண்டன் கவுன்ட்டி கவுன்சில் நிலத்தை வாங்கி 1894இல் பொதுமக்களுக்காகத் திறந்துவிட்டது.

பொது மேய்ச்சல் நிலம் என்றாலே அது பாழாகத்தான் போகும் என்று 1968இல் 'சயின்ஸ்' இதழில் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. ஒவ்வொருவனும் இன்னும் ஒரு மாட்டை ஓட்டிவருவதால் வரும் லாபம் அவனுக்கு. நிலம் தேய்வதால் வரும் நஷ்டம் எல்லோருக்கும். ஆகவே எல்லோரும் ஓட்டிவருவார்கள், நிலம் செத்துப்போகும். மாட்டுக்குப் பதில் பிராக்டிஸ் என்று போட்டுப் படித்தால் நம் கிரவுண்டுகளின் கதை அப்படியே இருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் ஆடினால் அந்த அணிக்கு லாபம். தேய்மானம் எல்லோருக்கும்.

ஆனால் ஹார்டின் சொன்னது விதி இல்லை என்று எலினார் ஆஸ்ட்ரம் காட்டினார். பொது வளங்களைக் காப்பாற்றிவந்த ஊர்களைப் பல நாடுகளிலிருந்து எடுத்து ஆராய்ந்து 1990இல் ஒரு நூல் எழுதினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வாங்கிய முதல் பெண் அவர். சுவிட்சர்லாந்தின் டோர்பெல் என்ற மலைக் கிராமம் அவர் காட்டிய ஊர்களில் ஒன்று. குளிர்காலத்தில் தன் வீட்டுத் தீவனத்தில் எத்தனை மாட்டை வைத்துக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் கோடையில் பொது மலைக்கு ஓட்டலாம் என்று 1517இலேயே அங்கே விதி இருந்தது. காப்பாற்றிய ஊர்களில் ஆஸ்ட்ரம் கண்ட பொதுத்தன்மைகள் எளியவை. பயன்படுத்துகிறவர்களே விதி செய்தார்கள். அவர்களுக்கு நம்பிக்கையான ஒருவர் கண்காணித்தார். மீறினால் முதலில் சின்னத் தண்டனை, திரும்பவும் மீறினால் பெரியது. சண்டை வந்தால் பக்கத்திலேயே பேசித் தீர்க்க ஓர் இடம் இருந்தது.

கண்மாய்ப் பாசனம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நேரம் பாய்ச்சுவது என்பதெல்லாம் அவர் கையில். பெரும்பாலும் நிலமில்லாத குடும்பத்தைச் சேர்ந்தவர். தன் வயல் என்று ஒன்று இல்லாததால் பட்சபாதம் இருக்காது என்று ஊர் நம்பியது. கூலி, அறுவடையில் ஒரு பங்கு நெல். அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதையை ஊர் முழுதாகக் கொடுத்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நீர் குறைந்த வருஷம் 'முறை' வைத்துப் பாய்ச்சுவார்கள். அந்த முறை என்ற சொல்லில் வரிசை, நியாயம் இரண்டும் இருக்கின்றன. ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு நீர்க்கட்டி வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எந்த அணிக்கும் பயிற்சியாளராக இல்லாத ஒருவர்.

*

ஒரு மைதானம் வாரத்துக்கு எவ்வளவு ஆட்டம் தாங்கும்? இங்கிலாந்தில் உள்ளூர் மைதானங்களைத் திட்டமிடும்போது இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள ஒரு புல் மைதானம் என்றால் பெரியவர்கள் ஆட்டம் வாரத்துக்கு 3, வளரிளம் பிள்ளைகள் ஆட்டம் 4, பொடிசுகளின் சிற்றாட்டம் 6. நடுத்தர மைதானம் என்றால் 2, 2, 4. மோசமானதென்றால் 1, 1, 2. பயிற்சியும் இந்தக் கணக்கில்தான் கழியும். இதைவிட அதிகம் ஆடினால் மைதானம் அடுத்த தரத்துக்கு இறங்கும். இறங்கினால் தாங்கும் அளவும் குறையும். கடனுக்கு வட்டி ஏறுகிற மாதிரிதான்.

எங்கள் கிரவுண்டுக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். நான்கு அணிகள் ஆளுக்குக் கால்வாசி இடம் எடுத்து வாரத்தில் ஐந்து நாள் ஆடினால், ஐந்து முழு ஆட்டத்துக்குச் சமம். ஞாயிறு இரண்டு மேட்ச். மொத்தம் ஏழு. நல்ல மைதானமே நான்குதான் தாங்கும். நம் ஊர் வெயிலில் அருகு வேகமாக வளரும் என்பது நமக்கு ஒரு சாதகம். கோடையில் ஊற்றத் தண்ணீர் இல்லை என்பது அதைவிடப் பெரிய பாதகம். எப்படிப் பார்த்தாலும் நாங்கள் இருப்பை மீறிச் செலவு செய்துகொண்டிருந்தோம்.

இந்தச் செலவைக் குறைக்க, பிள்ளைகளின் ஆட்டத்தைக் குறைக்கத் தேவையில்லை. முதல் வழி ஆடுகளத்தின் அளவில் இருக்கிறது. முழு ஆடுகளம் 105க்கு 68 மீட்டர். அது பெரியவர்களுக்கான அளவு. பத்து வயதுப் பையன் அதில் ஓடினால் எப்போதாவதுதான் பந்தைத் தொடுவான். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஏழுக்கு ஏழு ஆட்டம், 60க்கு 40 கெஜம் என்று வைத்தது. ஏறத்தாழ 55க்கு 37 மீட்டர். அமெரிக்காவிலும் 2017 முதல் இதே மாதிரி சிறிய களங்கள் கட்டாயமாயின. இப்போது நம் முழு மைதானத்தை எடுத்து, இந்தச் சிறு களங்களைக் குறுக்காகப் போடுங்கள். 68 மீட்டர் அகலத்தில் 55 மீட்டர் நீளம் தாராளமாக அடங்கும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு களம், நடுவே மூன்று மீட்டர் வழி. 28 பிள்ளைகள் ஆடலாம். அதற்கும் மேல் ஓரத்தில் 28 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை மிச்சம். முழுக் களத்தில் 22 பேர் ஆடிய அதே நிலம்.

இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. குறுக்காக ஆடும்போது கோல் வாயில் இடம் மாறிவிடுகிறது. தினமும் மிதிபட்ட வடக்கு, தெற்கு முனைகள் மூச்சு விடும். அடுத்த மாதம் அந்தக் களங்களையே பத்து மீட்டர் தள்ளிப் போடலாம். சுண்ணாம்புக் கோடுதானே, செலவு ஒன்றும் இல்லை.

ஆனால் இடம் மாற்றும் கோல்போஸ்ட் வந்ததும் ஓர் ஆபத்தும் வருகிறது. இதை நான் மெதுவாகச் சொல்ல விரும்பவில்லை. முழு அளவு இரும்புக் கோல்போஸ்ட் எழுபது கிலோவிலிருந்து இருநூறு கிலோவுக்கு மேல்கூட இருக்கும். எடையில் பெரும்பகுதி முன்பக்கக் குறுக்குக் கம்பியிலும் தூண்களிலும் இருப்பதால், அது முன்னால் கவிழத் தயாராகவே நிற்கிறது. ஒரு பிள்ளை குறுக்குக் கம்பியில் தொங்கினால் போதும். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கணக்கெடுத்தபோது, 1979 முதல் 1994 வரை இப்படி நகர்த்தும் கோல்போஸ்ட்டுகளால் குறைந்தது 21 பேர் இறந்திருந்தார்கள். பின்கம்பியை மண்ணில் ஆணியடித்து இறுக்க வேண்டும், இல்லையென்றால் மணல் மூட்டைகளைப் பாரமாக வைக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் முன்பக்கம் தரையில் படும்படி கவிழ்த்துப் பூட்டிவைக்க வேண்டும். பிள்ளைகளைத் தூக்கச் சொல்லக் கூடாது.

*

அடுத்தது முறை வைப்பது. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பதில்தான் எல்லாச் சண்டையும் வரும். இதற்குக் கணிதத்தில் ஓர் அழகான விடை உண்டு. லத்தீன் சதுரம் என்பார்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நெடுக்கிலும் ஒவ்வோர் எழுத்தும் ஒரே ஒரு முறை வரும்படி எழுதிய கட்டம். கணித மேதை ஆய்லர் அதில் லத்தீன் எழுத்துகளைப் போட்டதால் அந்தப் பெயர். இதைக் காகிதத்திலிருந்து வயலுக்குக் கொண்டுவந்தவர் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர். 1920களில் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில், எந்த உரம் நல்லது என்று சோதிக்கும்போது அவருக்கு ஒரு சிக்கல். வயலில் ஒரு பக்கம் வளமாகவும் ஒரு பக்கம் சோடையாகவும் இருக்கும். நல்ல பக்கம் விழுந்த உரம் நல்ல உரம் போலத் தெரியும். ஒவ்வோர் உரமும் ஒவ்வொரு பக்கத்திலும் சரிசமமாக விழும்படி லத்தீன் சதுரமாகப் பாத்தி பிரித்தால் அந்த அநியாயம் கழிந்துபோகும்.

நம் மைதானத்திலும் அதே அநியாயம்தான் நடக்கிறது. குழாய் கசியும் மூலை ஏன் எப்போதும் பெண்கள் அணிக்கே விழுகிறது? வெளிச்சம் மங்கிய கடைசி அரை மணி நேரம் ஏன் எப்போதும் பொடிசுகளுக்கு? யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. முதலில் வந்தவர் நல்ல இடத்தைப் பிடிக்கிறார், முதலில் வருபவர் எப்போதும் பெரியவர். முறை இல்லாத இடத்தில் பலம்தான் முறை.

நாங்கள் செய்து பார்த்தது இது. 105 மீட்டர் நீளத்தை ஐந்து பட்டைகளாகப் பிரித்தோம். ஒவ்வொன்றும் 21 மீட்டர் அகலம், 68 மீட்டர் நீளம். அதில் நாலுக்கு நாலு ஆடும் 30க்கு 20 மீட்டர் சிறுகளம் இரண்டு அடங்கும். 16 பேர் ஆடலாம், நாலு பேர் மாற்றுக்கு நிற்கலாம். ஓர் அணியின் பயிற்சிக்கு அது போதும். இருப்பது நான்கு அணி, ஐந்து பட்டை. ஐந்தாவது அணியாகப் பலகையில் 'புல்' என்று எழுதினோம். முதல் வாரம் வடக்குப் பட்டை புல்லுக்கு. அடுத்த வாரம் எல்லோரும் ஒரு பட்டை தெற்கே நகர, கடைசியில் இருப்பவர் வடக்குக்கு வருவார். ஐந்து வாரத்தில் ஒவ்வோர் அணியும் எல்லாப் பட்டையையும் பார்த்துவிடும். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு வாரம் முழு ஓய்வு. குழாய் மூலை ஒருமுறை பெரிய பையன்களுக்கும் விழுந்தது. விழுந்த மறுநாளே கசிவை அடைக்க ஆள் வந்தார்.

ஐந்துக்கு ஒரு வாரம் ஓய்வு என்பது அன்றாட மருந்து மட்டுமே. முற்றிலும் கட்டாந்தரையான கோல் வாயிலுக்கு அது போதாது. முதலில் மண்ணைத் திறக்க வேண்டும். மைதானப் பராமரிப்பாளர்கள் விரல் தடிமனுள்ள குழல் முனைகளால் எட்டு, பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணைக் குத்தி எடுத்து, அந்தத் துளைகளில் மணல் போடுவார்கள். கருவி இல்லாத இடத்தில் தோட்டத்துக் கவைமுள்ளால் குத்தி நெம்பி விடுவதும் நல்லதுதான். பிறகு அருகின் கரணைகளை நட்டு, சில வாரம் கயிறு கட்டி மூட வேண்டும்.

எப்போது மூடுவது? தமிழ்நாட்டுக்கு நவம்பர் கடைசியும் டிசம்பரும். சென்னையில் ஜூலை தொடக்கத்தில் சூரியன் மறைய மாலை 6.40 ஆகும், நவம்பரில் 5.40க்கே இருட்டிவிடும். பள்ளி விட்டு வந்தால் ஒரு மணி நேரம்தான் மிச்சம். வடகிழக்குப் பருவமழையில் மண் ஈரமாக இருக்கும். ஆடினால் அதிகம் கெடும். நட்ட புல்லுக்குத் தண்ணீர் செலவு இல்லை. அரையாண்டுத் தேர்வும் வாசலில் நிற்கும். ஆட்டத்துக்கு எல்லா விதத்திலும் மோசமான காலம், புல்லுக்கு நல்ல காலம். ஹாக்னியின் மேய்ப்பர்கள் லாமஸ் வரைக்கும் காத்திருந்தது போல நாம் பொங்கல் வரைக்கும் காத்திருக்கலாம்.

*

மழை பெய்த மறுநாள் ஆடலாமா வேண்டாமா என்று பயிற்சியாளரும் பெற்றோரும் வாதாடுவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்குக் கையிலேயே சோதனை இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் அட்டர்பெர்க் 1911 வாக்கில் களிமண்ணுக்காக வகுத்தது. கோல் வாயிலிலிருந்து ஒரு எலுமிச்சங்காய் அளவு மண்ணை எடுங்கள். கைமுறுக்கு மாவைத் திரிப்பது போல உள்ளங்கையில் வைத்துத் திரியுங்கள். மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்கு, நூல்போல உடையாமல் திரிந்தால், மண் இன்னும் குழைகிற நிலையில் இருக்கிறது. மிதித்தால் நசுங்கும், ஆடக் கூடாது. அதற்கு முன்பே பொடிந்து உதிர்ந்தால் ஆடலாம். மணல் அதிகமுள்ள மைதானத்தில் மண் திரியாது. அங்கே காலை ஊன்றிப் பாருங்கள், பூட்ஸைச் சுற்றி நீர் கசிந்தால் வேண்டாம். எங்கள் பொடிசுகள் இந்தத் திரிக்கும் சோதனையை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். இப்போது முடிவை அறிவிப்பது அவர்கள்தான். பெரிய பையன்களும் மறுபேச்சுப் பேசுவதில்லை. நூல் உடையாமல் கண்ணெதிரே தொங்கும்போது என்ன பேசுவது?

இடி கேட்டால் மட்டும் சோதனை, விவாதம் எதுவும் வேண்டாம். ஒலி மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் போகும். மின்னல் தெரிந்து முப்பது நொடிக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது நம் தலைமேல் விழலாம். திறந்த வெளியில் உயரமாக நிற்பது பிள்ளைகளும் கோல்போஸ்ட்டும்தான். உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும், மரத்தடிக்கு அல்ல. கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிஷம் வரை யாரும் வெளியே வரக் கூடாது.

மைதானத்தைக் கொல்வதில் பிள்ளைகளுக்குப் பங்கு குறைவு என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பொருட்காட்சிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் கிரவுண்டை விடுகிறோம். பந்தல் சாமான் ஏற்றிய லாரி உள்ளே வருகிறது. பூட்ஸ் அழுத்துவது மேலே உள்ள சில சென்டிமீட்டரை. ஓர் அச்சில் பத்து டன் பாரம் ஏற்றிய லாரி ஈர மண்ணில் போனால் நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழேயும் இறுகும். எந்தக் கவைமுள்ளும் அங்கே எட்டாது. அந்த இறுக்கம் பல வருஷம் நிற்கும். வாடகை வாங்கிக்கொண்டு விடுகிறவர்கள் இதையும் வாடகையில் சேர்த்துக் கேட்க வேண்டும், லாரியை எல்லைக்கோட்டுக்கு வெளியே நிறுத்த வேண்டும், பந்தல்கால் குழிகளை மூடாமல் முன்பணத்தைத் திருப்பித் தரக் கூடாது.

செயற்கைப் புல் போட்ட டர்ஃப்கள் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டன. மழையில் ஆடலாம், இரவில் ஆடலாம், ஓய்வு கேட்காது. ஆனால் வெயில் நாளில் அதன் பரப்பு 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும், எட்டு, பத்து வருஷத்தில் பிய்த்துப் புதிதாகப் போட வேண்டும், மணிக்கணக்குக்குக் காசு. சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருந்த பொடியனுக்கு அந்தக் கதவு திறக்காது. அவனுக்கு இருப்பது இந்த மண் கிரவுண்டு ஒன்றுதான்.

உங்கள் ஊர் மைதானத்துக்கு நாளை மாலை ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு போங்கள். கோல் வாயிலில் ஒரு குத்து, வேலியோரம் ஒரு குத்து. இரண்டு அளவையும் அங்கே ஆடும் பிள்ளைகள் எல்லோருக்கும் காட்டுங்கள். பிறகு பயிற்சியாளர்களை உட்காரவைத்து அட்டவணையை எழுதுங்கள். அணிகளின் பெயருக்குக் கீழே கடைசி வரியில் 'புல்' என்று எழுத மறக்காதீர்கள். அந்த வரியைப் பொடிசுகளில் ஒருவன் கையால் எழுத விடுங்கள்.